'சூன்' என்றால் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் 'சூன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'விரைவில்' என்று பொருள் தந்திருந்தது இன்றைய வழக்குக்குச் சரியே. ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'சோனா' என வழங்கிய அதே சொல் 'உடனே, அந்தக் கணமே' என்றுதான் பொருள்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம். உடனே செய்கிறேன் என்று சொன்னவர்கள் தாமதித்துத் தாமதித்தே அச்சொல்லைத் தளர்த்திவிட்டார்கள் போலும்.

'ஒன்றில்' என்னும் பொருளுடைய தொடரிலிருந்து பிறந்த 'அனான்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான்: ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதல் பாகத்தில், மதுக்கடைப் பணியாளான பிரான்சிஸ், உள்ளறையிலிருந்து ஒருவர் விடாமல் கூப்பிட்டும், இளவரசர் ஹாலின் பேச்சில் மாட்டிக்கொண்டு 'அனான், அனான், சார்' என்று குரல் கொடுக்கிறானே தவிர, இடத்தைவிட்டு நகர்வதில்லை.

'பிரசன்ட்லி'யும் 'உடனே' என்பதிலிருந்து 'சற்று நேரத்தில்' என்று நழுவிய சொல்லே. எனினும் அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் அது 'இப்போது' என்ற பொருளிலும் வழங்குவதால், மாணவர்கள் இடமறிந்தே பொருள்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை