மெழுகுவத்தி அணைந்ததும் நின்றுபோகும் மூச்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பா அறுவடைத் தூசியும் தை மாதப் பனியும் சேரும் நாள்களில், இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெற்றோர் படும் பாடு டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு டாக்டர் ஸ்பைரோமெட்ரி, அதாவது நுரையீரலிலிருந்து எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளிவருகிறது என்று அளக்கும் ‘ஊதுற டெஸ்ட்’ எழுதித் தருவார். பிள்ளை மனம்வைத்து ஊத வேண்டும் என்று கணினித் திரையில் விளையாட்டு ஓட விடுவார்கள். ஊதினால் மெழுகுவத்தி அணையும், பந்து உருளும், பலூன் பெரிதாகும். விளையாட்டு வேண்டியதுதான். எதற்கு எந்த விளையாட்டு என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

மெழுகுவத்தி விளையாட்டுக்குக் காற்றின் வேகம் போதும். முதல் வீச்சு பலமாக வந்தால் சுடர் அணைந்துவிடும். ஜெயித்தாயிற்று என்று பிள்ளை வாயை எடுத்துவிடும். நுரையீரலில் மீதிக் காற்று அப்படியே நிற்கும். முதல் வினாடியில் வெளிவந்த காற்று, மொத்தக் காற்றில் எத்தனை பங்கு என்று பார்த்துத்தான் மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பதைக் கண்டுபிடிக்கிறோம். மொத்தம் குறைவாகப் பதிவானால் அந்தப் பங்கு கூடிவிடும். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் போய்விடும்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்களில் இது பிடிபடாது, ஊதிய காற்றின் வேகத்தைக் காட்டும் வரைபடத்தில் பிடிபடும். முழுதாக ஊதியிருந்தால் கோடு சட்டென்று உச்சிக்குப் போய், சரிந்து, மெல்ல அடியைத் தொடும். பாதியில் விட்டிருந்தால் செங்குத்தாக விழும். நடுவில் இருமினால் பள்ளம் விழும். இந்தக் கோட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதி அனுப்புவது வேலையே இல்லை.

ஆகவே மெழுகுவத்தியை முதல் ஓரிரு தடவைக்கு மட்டும் வையுங்கள். வேகமாகத் தொடங்குவது எப்படி என்று பிள்ளைக்குப் பிடிபடட்டும். பிறகு, ஊதிக்கொண்டே இருந்தால்தான் முடியும் விளையாட்டுக்கு மாற்றுங்கள். அதன் இலக்கு பிள்ளையின் வயது, உயரம், பாலினத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. பெற்றோர் சொல்லும் உயரத்தைப் போடாமல், செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே அளக்க வேண்டும். உயரம் கூடிப்போனால் இலக்கு எட்டாது, பிள்ளை சோர்ந்துபோகும். குறைந்தால் பாதி மூச்சிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

வீட்டிலேயே பழக்கலாம். பனை ஓலைக் காற்றாடியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, அது நிற்காமல் சுற்றும்படி ஊதச் சொல்லுங்கள். ஆனால் வெறும் வாயால் ஊதினால் உதட்டைக் குவிக்கும் பழக்கம் வந்துவிடும். சுத்தமான அட்டைக் குழாயை நாக்கின் மேல் வைத்து, பல்லால் மெதுவாகப் பிடித்து, உதட்டால் சுற்றி மூடி ஊத வேண்டும். ஆஸ்பத்திரிக் குழாயையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். பலூன் வேண்டாம்: கன்னம் உப்பும், தொண்டை இறுகும், வெடித்த துண்டு சின்னப் பிள்ளையின் மூச்சையே அடைத்துவிடும்.

மூன்று, நான்கு வயதிலும் சில பிள்ளைகள் நன்றாக ஊதுவார்கள். அவர்களின் நுரையீரல் ஒரு வினாடிக்குள்ளேயே காலியாகிவிடலாம் என்பதால், அரை வினாடி, முக்கால் வினாடி அளவையும் பார்க்க வேண்டும். பெரியவர்கள் ஆறு வினாடி ஊதுகிறார்களே என்று இவர்களைத் திட்டுவது வீண். ஆறு வயதும் அதற்குக் கீழும் என்றால், சிறந்த இரண்டு ஊதல்களில் வெளிவந்த காற்றின் அளவுக்கிடையே வித்தியாசம் 100 மில்லி அல்லது பெரிய அளவில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்குள் இருந்தால் சரி. அதற்கு மேற்பட்ட வயதுக்கு 150 மில்லி.

மருந்து கொடுத்து மறுபடி ஊதவைக்கும் சோதனைக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் வழக்கமாக நான்கு பஃப். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குடுவை) வழியாகக் கொடுக்க வேண்டும். நான்கையும் மொத்தமாக அடித்தால் மருந்து ஸ்பேசரிலேயே ஒட்டிக்கொள்ளும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதும்போதும் அதே விளையாட்டு, அதே இலக்கு. அதை மாற்றினால் வரும் வித்தியாசம் மருந்தினாலா, ஆட்டத்தினாலா என்று தெரியாது.

வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் சிறு கருவி) வைத்திருப்போர், முள்ளைக் கீழே தள்ளிவிட்டு, பிள்ளையை நிற்கவைத்து, மூன்று தடவை ஊதச் சொல்லி, அதிகமானதைக் குறிக்க வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் போட்டி வைத்தால் எச்சில் துப்புகிற மாதிரி ஊதி எண்ணை ஏற்றிவிடுவார்கள், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். தன் சொந்தச் சிறந்த எண்ணோடுதான் போட்டி. அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் டாக்டர் எழுதித் தந்த திட்டப்படி நடக்க வேண்டும். 50-க்குக் கீழே என்றால் நிவாரண மருந்தைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளை பேச முடியாமல் திணறும்போது மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரு கோரிக்கை. டெல்டாவின் அரசு மருத்துவமனைகளில் ஊதுற டெஸ்டுக்கு வரும் பிள்ளைக்கு, பழகும் நேரத்தையும் சேர்த்து அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். சிறுவர்களுக்கான சின்ன வாய்க்குழாயும், ஆளுக்கொரு புது ஃபில்டரும் கையிருப்பில் இருக்க வேண்டும். பெரியவர்களின் குழாய் சின்ன வாயில் பொருந்தாமல் ஓரத்தில் காற்று கசிந்தால், எந்த விளையாட்டை ஓட்டியும் பயனில்லை.

இப்படிக்கு,
நுரையீரல் பரிசோதனை நுட்பநர்கள்,
கும்பகோணம்.