அந்த ஓவர்கோட்டைச் சுவரிலேயே வைத்திருங்கள்

லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் சேகரிப்பில் 1894-இல் வரைந்த ஓர் எண்ணெய் வண்ணப் படம் இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்பென்டர் முழு உயரத்துக்கு நிற்கிறார். ஒல்லியான உடம்பு, நீண்ட கருப்பு ஓவர்கோட், வெறிச்சென்ற அறை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது என் கண் அந்தக் கோட்டை விட்டு நகரவே இல்லை. வரைந்த ரோஜர் ஃப்ரைக்கு அப்போது 27 வயது.

எங்களுக்கு அந்தப் படத்தில் தனி உரிமை உண்டு. கேம்பிரிட்ஜ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலத்தைப் பார்க்க 1890-இல் இலங்கைக்கு வந்து, ராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டுப் போனவர் கார்பென்டர்.

அந்தப் படத்தை எப்போதும் மக்கள் கண்ணில் படும்படி வைத்திருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஃப்ரை என்றதும் எல்லோருக்கும் கலை விமர்சகர்தான் நினைவுக்கு வருகிறார். நீதிபதியின் மகன், கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பு. அதையெல்லாம் விட்டுவிட்டுத் தூரிகை பிடித்தார். வீட்டில் வருத்தம்தான். அப்புறம் எழுத்தும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியக வேலையும் வந்து சேர்ந்தன. ஆனாலும் கடைசிவரை தன்னை ஓவியராகவே நினைத்தார்.

1910 நவம்பரில் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில் செசான், கோகான், வான்கா ஆகிய ஓவியர்களின் படங்களை லண்டனுக்குக் காட்டினார். இம்ப்ரெஷனிஸ்டுகள் என்பது அவர்களுக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியக் குழு. ‘இம்ப்ரெஷனிஸ்டுகளுக்குப் பின் வந்தவர்கள்தானே’ என்று இவர்களுக்கு அவசரத்தில் வைத்த பெயர்தான் ‘போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட்’. பார்த்தவர்கள் சிரித்தார்கள், பைத்தியக்காரர்களின் கிறுக்கல் என்றார்கள். அதே ஆண்டில்தான் அவர் மனைவி ஹெலன், அவரும் ஓவியர், மனநோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீடு திரும்பவே இல்லை. ‘பைத்தியக்காரர்’ என்ற அந்தச் சொல் ஃப்ரையின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனாலும் 1912-இல் இரண்டாவது கண்காட்சியும் வைத்தார். அடுத்த ஆண்டு ஒமேகா பட்டறையைத் தொடங்கி, நாற்காலிக்கும் திரைச்சீலைக்கும் இளம் ஓவியர்களை வண்ணம் தீட்ட வைத்து அவர்களுக்கு ஒரு வருமானம் கொடுத்தார்.

அவருடைய நிலக்காட்சிகள் சில இறுக்கமாக இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். செசானுக்குப் பக்கத்தில் வைத்தால் தாங்காது. ஆனால் செசானைப் பற்றி 1927-இல் அவர் எழுதிய புத்தகத்தைப் படியுங்கள். பழக்கிண்ணத்தின் வாய் ஏன் சரியான நீள்வட்டமாக இல்லை, தூரிகை எந்தப் பக்கம் சாய்ந்து இழுத்திருக்கிறது என்று ஒவ்வொரு தீற்றலாகப் பின்தொடர்கிறார். தானே வரைந்து, திணறி, அழித்து, மறுபடி வரைந்த கைக்குத்தான் அது தெரியும். அந்தக் கையைப் பார்க்க உங்கள் கார்பென்டர் படத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஃப்ரை 1934-இல் வீட்டில் தவறி விழுந்து இறந்தார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் இருக்கும் அவரது அஸ்திப் பெட்டிக்கு வண்ணம் தீட்டியவர் அவருடைய தோழியும் ஓவியருமான வனெஸ்ஸா பெல். உங்கள் சுவரில் படத்துக்குக் கீழே ஒட்டும் சின்ன அட்டையிலும் ஃப்ரையை முதலில் ஓவியர் என்று எழுதுங்கள். விமர்சகர் என்பது இரண்டாவதாக வரட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்