மாடி போர்ஷனை இன்னும் விடவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன் எடுக்க உனக்கு நேரமில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் நடுவில் "அப்புறம் கூப்பிடுறேன் மா" என்று வைத்துவிட முடியாதல்லவா.

நாடகம் எப்படி இருந்தது என்று நீ கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். மியூசியம் தியேட்டர் படி எவ்வளவு செங்குத்து, என் முழங்கால் எப்படி என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மேல் வரிசைக்கே போனேன், அங்கிருந்தால்தான் மேடை முழுக்கத் தெரியும். அவ்வளவு நேரம் ஒருத்தியே நின்று பேசினாய், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் "யார் இந்தப் பொண்ணு, இப்படி நடிக்குது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா "எங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டார். நாடகமே பிடிக்காத மனுஷன்.

ஆனால் ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாய்? நீ வேஷம் போட்ட மார்கரெட் கசின்ஸ், பெண்களின் ஓட்டுக்காகப் போராடி அயர்லாந்தில் துலாமோர் சிறைக்குப் போய்ப் பட்டினி கிடந்தார், சரி. அது 1913. நீ ஏன் கிடக்க வேண்டும்? எல்லாம் மேக்கப் என்கிறார் அப்பா. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் இருந்தாயே, அப்போதும் மேக்கப்பா? சுட்டுப் போட்ட தோசையில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனாய். அந்த வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி ஏன் அப்படி இழுத்துவிட்டிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. மேடையில் கழுத்து வெறுமையாக இருந்தது, ஐரிஷ்காரி வேஷத்துக்கு வேறென்ன போட முடியும், அது எனக்குப் புரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் காபி குடிக்காதே.

நாடகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. டீச்சராக இருந்தவள், குறை சொல்லாமல் இருக்க முடியாது. லண்டன், டப்ளின், கண்ணாடி உடைத்தது, ஹாலோவே சிறை என்று பாதி நாடகம் அங்கேயே போய்விட்டது. நம் ஊருக்கு வந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டாய். 1917-ல் அடையாற்றில் மாதர் சங்கம், அந்த டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் போய், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவைப் பார்த்து ஓட்டு கேட்டது, 1921-ல் பெண்களுக்கு ஓட்டு, முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குப் போனது, எல்லாவற்றையும் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டாய். பிரிட்டிஷ் மாகாணங்களில் பெண்களுக்கு முதலில் ஓட்டு கொடுத்தது சென்னை மாகாணம் என்றதும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் அந்த ஓட்டு சொத்தும் வரியும் இருந்தவர்களுக்குத்தானே? நம் ஆயாவின் அம்மாவுக்கு யார் கொடுத்தார்கள்? அதை ஒரு வரி சேர்.

இன்னொன்றும் சேர்க்கலாம். 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வடக்கே நிறையப் பெண்கள் தன் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று மட்டும் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட 28 லட்சம் பெயர் பட்டியலில் இல்லாமல் போயிற்று. அந்தத் தேர்தல் நடந்தபோது மார்கரெட் அம்மாள் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். அந்தக் கட்டிலோடு முடித்தால் நாடகம் எவ்வளவு நன்றாக இருக்கும்! எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போய் எத்தனை விரலில் மை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியும். பெயரைக் கேட்டால் இன்றைக்கும் புருஷன் முகத்தைப் பார்க்கிற பெண்கள் வருவார்கள்.

அந்தக் காலி நாற்காலி. கோட்டு மாட்டி, அதைத்தான் மார்கரெட்டின் புருஷன் ஜிம் என்று வைத்துக்கொண்டு பேசினாய். ஜெயிலுக்குப் போகிற மனைவிக்குத் துணையாக நின்ற மனுஷன், கடைசிக் காலத்தில் சுயசரிதையைக்கூட இரண்டு பேரும் சேர்ந்தே எழுதினார்கள் என்று நீ சொன்ன இடத்தில் உன் குரல் உடைந்தது. கூட்டம் அசந்துபோய் உட்கார்ந்திருந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் நீ ஒன்றும் பேசவில்லை. அது நாடகத்தில் உள்ளதா?

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே. "அவகிட்டயே பேசிக்கோங்க அத்தை" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

தாம்பரம் சித்தி வந்து துருவித் துருவிக் கேட்டாள். நான் பிடி கொடுக்கவில்லை. அவளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவள் பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்குத் தாத்தா வாசலிலேயே என்ன சொன்னார் என்று உனக்கும் தெரியும். அப்பா தாத்தா மாதிரி இல்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

மாடி போர்ஷனுக்கு வெள்ளையடித்து, பாத்ரூம் குழாயெல்லாம் மாற்றியாகிவிட்டது. புரோக்கர் ஆள் கூட்டிக்கொண்டு வந்தபடி இருக்கிறார், அப்பா ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறார். ஜன்னல் பக்கம் உன் பழைய மேஜையைப் போட்டிருக்கிறோம், வசனம் மனப்பாடம் பண்ண வசதியாக இருக்கும். சும்மா சொன்னேன்.

சத்துமாவு அரைத்துக் கூரியரில் போட்டிருக்கிறேன். கட்டி தட்டாமல் காய்ச்சு. சாப்பிடு.

இன்னொரு விஷயம். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க பிஎல்ஓ வந்திருந்தாள், என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பெண். உன் பெயர் இன்னும் நம் பூத்தில்தான் இருக்கிறது, தகப்பனார் பெயரோடு. "அக்கா புனேயில செட்டில் ஆயிட்டாங்களே, எடுத்துடவா டீச்சர்? இல்ல இங்கேயே இருக்கட்டும்னா வீட்டுக்காரர் பெயருக்கு மாத்தணுமா?" என்று கேட்டாள். நீ சொல்லாமல் நான் என்ன பதில் சொல்வது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை திரும்ப வருகிறாள். அதற்குள் ஒரு வரி மெசேஜ் போட்டுவிடு.

அம்மா