டால்பின் நோஸ் பாறைக்கு நடைப்பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரைக் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலுக்கு அழைத்துப் போகிறோம். அங்கிருந்து சோலைக்காட்டுப் பாதையில் டால்பின் நோஸ் பாறை வரை நடை. குன்னூரிலும் இதே பெயரில் ஒரு பாறை உண்டு. அங்கே வண்டி பாறைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிடும். இங்கே நடந்துதான் போக வேண்டும், அதுவும் இறக்கமாக.

சிக்கல் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. வழக்கமான மலைநடையில் முதலில் ஏறுவோம், களைத்த காலோடு இறங்கி வருவோம். இங்கே அப்படியே தலைகீழ். காலையில் உற்சாகமாக இறங்கிவிடலாம். வெயில் ஏறிய பிறகுதான் ஏற வேண்டும். வட்டக்கானல் கடைசிக் கடைகளிலிருந்து பாறை வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தூரத்தைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். இறங்க 40 நிமிடம் என்றால் ஏற ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்கிட்டிருக்கிறோம். கீழே ஓடிப்போகிற பிள்ளைதான் மேலே வரும்போது முதலில் உட்கார்ந்துவிடும். அதனால் வேகப் போட்டி கிடையாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

இப்போது செருப்புக் கதைக்கு வருகிறேன். பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வேண்டவே வேண்டாம். அதன் அடிப்பாகம் வழவழப்பாக இருக்கும்; செம்மண்ணில் பனி ஈரம் இருந்தால் பிடிப்பே இருக்காது. அடியில் ஆழமான பள்ளங்கள் கொண்ட ஷூ எதுவானாலும் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. புதிதாக வாங்கினால் இப்போதே வாங்கி, ஒரு வாரமாவது தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடக்கவிடுங்கள். புது ஷூ அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காலில் ஏறினால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். இறங்கும்போது பாதம் முன்னால் சரிந்து கட்டைவிரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு நாள் முன்பே கால் நகங்களை வெட்டிவிடுங்கள். கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டப் பழக்குங்கள். ஜீன்ஸ் போட வேண்டாம். நனைந்தால் கனக்கும், முழங்காலை மடக்க விடாது. பள்ளி டிராக் பேண்ட் போதும்.

பாதை நெடுக மர வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடும். பார்த்தால் கால் வைக்க வாகாகத் தெரியும். ஆனால் பட்டை தேய்ந்த வேர், ஈரத்தில் சோப்பு போல வழுக்கும். வேரின் மேல் மிதிக்கக் கூடாது, இரண்டு வேருக்கு இடையிலுள்ள மண்ணில் மிதிக்க வேண்டும். செங்குத்தான இடங்களில் முழங்காலைச் சற்று மடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, சிறு சிறு அடியாக வைக்க வேண்டும். கையில் அகப்படும் கிளையைப் பிடித்துத் தொங்கினால், சோலை மரக்கிளை பாதி மக்கிப்போயிருக்கும், முறிந்துவிடும். இந்த மூன்றையும் வரும் புதன், வியாழன் மாலைகளில் பள்ளி மைதானத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் பயிற்சி கொடுக்கிறோம். பயிற்சிக்கு வராத பிள்ளையை மலைக்கு அழைத்துப் போக மாட்டோம்.

ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என ஆறு குழு. முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர். கடைசி ஆசிரியரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் விசில் இருக்கும். மூன்று முறை ஊதினால் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

அடுத்தது, பாறை. இதை மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன், தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். மலையிலிருந்து வெளியே நீண்டு, கீழே பெரும் பள்ளத்தின் மேல் நிற்கும் தட்டையான பாறை அது. அதன் நுனியில் நம் பள்ளிப் பிள்ளை ஒருவர்கூட நிற்க மாட்டார். விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் உள்ளே கயிறு போட்டு, அதற்கு இந்தப் பக்கம் மட்டுமே உட்கார வைப்போம். பாறை பார்க்கத் தட்டையாக இருந்தாலும் ஓரத்தில் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். அதன் மேல் படிந்திருக்கும் பாசி பனியில் நனைந்தால் கால் நிற்காது. பள்ளத்திலிருந்து காற்று திடீரென மேலே அடிக்கும். படம் எடுக்கத் திரும்பும்போது முதுகுப் பை ஆளை ஒரு பக்கம் இழுக்கும். இவற்றில் ஒன்று போதும். “நுனியில் நின்று ஒரு போட்டோ எடுத்து வா” என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். செல்போன் கொண்டுவர அனுமதி இல்லை. படங்களை ஆசிரியர் எடுத்து உங்களுக்கு அனுப்புவார்.

நுனிக்குப் போகாவிட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாடம் முழுவதும் பின்னால்தான் இருக்கிறது. கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை மேலிருக்கும் கல் நம் சென்னைப் பல்லாவரப் பக்கத்துக் கல். அதை வைத்துத்தான் ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பாறை வகைக்குப் பெயர் வைத்தார். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவியதுபோலக் கரும்பச்சையாக மின்னும். வெயிலும் மழையும் பட்ட முகம் சாம்பல் நிறமாகிவிடும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். பாறையில் ஓடும் நேர்விரிசல்கள் வழியே நீர் இறங்கி, கீழிருக்கும் துண்டுகள் கழன்று விழ, மேல் பலகை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். விரிசல்களின் திசையைப் பிள்ளைகள் நோட்டில் வரைவார்கள். சுத்தியலோ, ஆணியோ, பெயிண்டோ எதுவும் கூடாது. ஏற்கெனவே அங்கே பெயர் எழுதியவர்கள் போதும்.

வானம் தெளிவாக இருந்தால் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெரியும். வாகனச் சாலை வருவதற்கு முன் பெரியகுளத்துக்காரர்கள் கும்பக்கரை, வெள்ளகவி வழியாக நடந்தே கொடைக்கானல் ஏறினார்கள். அந்தப் பாதை இந்தப் பக்கமாகத்தான் வருகிறது. பாறையைத் தாண்டி இன்னும் கீழே எக்கோ ராக் இருக்கிறது. அங்கே போகப் போவதில்லை. கூடுதலாக இறங்கும் ஒவ்வோர் அடியும் திரும்ப ஏற வேண்டிய அடி.

அதிகாலை 4 மணிக்கு மதுரையிலிருந்து பஸ் புறப்படும். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் மலைப்பாதை தொடங்கும். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு டாக்டர் சொன்ன மாத்திரையைப் புறப்படுவதற்கு அரைமணி முன்பே கொடுத்துவிடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பால் குடித்த வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி சரியாக இருக்கும். கொடைக்கானலுக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். 12 மீட்டரைவிட நீளமான பஸ்ஸுக்கு அனுமதி இல்லை. இரண்டையும் பார்த்துத்தான் பஸ் பேசியிருக்கிறோம். வட்டக்கானல் சாலை குறுகியது, ஆகவே கொடைக்கானலில் இறங்கிச் சிறு வேன்களில் போவோம். 9.15க்கு நடை தொடக்கம். எங்கே இருந்தாலும் சரி, 10.45க்குத் திரும்ப ஏறத் தொடங்கிவிடுவோம். பிற்பகலில் சமவெளியிலிருந்து மஞ்சு ஏறி வந்தால் பத்தடி தூரத்தில் இருப்பவர் தெரிய மாட்டார். பாறையை எட்ட முடியாமல் பாதியில் திரும்ப நேர்ந்தால் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். அப்போதும் இந்த நேரத்தை மாற்ற மாட்டோம்.

பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஸ்டீல் பாட்டிலில். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை; பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய். புளியோதரை அல்லது எலுமிச்சைச் சாதம், டிபன் பாக்ஸில் மூடி இறுக்கமாக. கையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் குரங்கு பறிக்க வரும். ஒரு ஸ்வெட்டர்: மதுரையைவிட அங்கே 12 டிகிரியாவது குளிர்ச்சியாக இருக்கும். ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸ். பை மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

பாதையில் கழிப்பறை இல்லை. வட்டக்கானலில் போய்வந்த பிறகே இறங்குவோம். மாதவிடாய் நாளாக அமைந்தால் மாணவிகள் தயங்காமல் வகுப்பாசிரியையிடம் சொல்லலாம். நாப்கின், காகித உறை எல்லாம் அவர்களிடம் இருக்கும்.

காட்டுமாடு எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அது விலகும்வரை மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். பாதை ஓரத்தில் காஞ்சொறி இருக்கலாம். பட்டால் நெருப்புப் போல எரியும்; தேய்த்தால் இன்னும் மோசமாகும், தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். பிப்ரவரியில் அட்டை குறைவு. கடித்தால் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுப்போம். அதன் பிறகும் சிறிது நேரம் ரத்தம் வரும். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, பயப்பட ஒன்றுமில்லை. காளான் எதையும் தொடவோ, யார் கொடுத்தாலும் வாங்கவோ கூடாது. மீறினால் உடனே வேனுக்குத் திருப்பி அனுப்பி உங்களுக்குப் போன் செய்வோம்.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, சமீபத்திய எலும்பு முறிவு எதுவாக இருந்தாலும் ஒப்புதல் சீட்டின் பின்பக்கம் மறைக்காமல் எழுதுங்கள். அதற்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டோம். ஓர் ஆசிரியரோடு பாதிவழி வந்து, சோலையிலேயே அமர்ந்து மரங்களை வரையலாம். இன்ஹேலர் பையின் அடியில் அல்ல, வெளிப்பக்கப் பையில்.

கையெழுத்திட்ட சீட்டு செவ்வாய்க்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்