வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: நம் மாவு ஆலையின் உரிமை மாற்றம் குறித்து

சுங்கை சிப்புட், பேராக்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களுக்கு வணக்கம்.

நம் மாவு ஆலையும் அதனோடு சேர்ந்த மளிகைக் கடையும் வரும் மாதம் முதல் தேதி புதிய உரிமையாளர்கள் கைக்குச் செல்கின்றன. கடை மூடப்படுகிறது என்றும், கடன் பாக்கியை உடனே அடைத்துவிட வேண்டும் என்றும் தோட்டங்களில் பேச்சு பரவியிருப்பதை அறிவோம். இரண்டும் உண்மையல்ல. இந்த விற்பனையை எப்படித் திட்டமிட்டோம் என்பது தெரிந்தால் அந்தக் கலக்கம் தீரும் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

ஒரு தொழிலை இயந்திரம், சரக்கு, வியாபாரப் பெயர் எனப் பிரித்து விற்கலாம். அல்லது நிறுவனத்தின் பங்குகளையே கைமாற்றிக் கொடுக்கலாம். முதல் வழியில் அதிக விலை தர ஒருவர் முன்வந்தார். ஆயினும் நாங்கள் இரண்டாவதையே தேர்ந்தோம். தொழிலை மட்டும் விற்றால், வாங்குபவர் வேலைநீக்க இழப்பீடு குறித்த 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஏழு நாளுக்குள் ஊழியர்களுக்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வர வேண்டும். இல்லையேல் அவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். பங்கு மாற்றத்தில் பங்குதாரர்கள் மாறினாலும் ஊழியர்களின் முதலாளியாக அதே நிறுவனமே தொடர்வதால், ஆலையில் தலை நரைத்த நம் ஊழியர்களின் பணிக்காலம் ஒரு நாளும் அறுபடாது. விலை வித்தியாசத்தைவிட அது எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

உங்கள் கடன் கணக்கும் அவ்வாறே நிறுவனத்தின் புத்தகத்தில் தொடரும். சம்பள நாளில் செலுத்தும் வழக்கத்திலும் மாற்றமில்லை. வாங்குபவர்கள் கணக்கைச் சரிபார்க்க வந்தபோது பாக்கித் தொகைகளை மட்டுமே காட்டினோம். பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எதையும் காட்டவில்லை. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல, யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்பது பேரம் பேசும் மேசைக்கு வரக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

வாங்குபவரைத் தேடுவதற்குப் பல காலம் முன்பே குடும்பச் செலவையும் நிறுவனச் செலவையும் முழுமையாகப் பிரித்து, தணிக்கை செய்த கணக்குகளை ஆண்டுதோறும் ஒழுங்காகத் தாக்கல் செய்துவந்தோம். கணக்கு நேராக இருந்தால்தான் விலையைத் தைரியமாகச் சொல்ல முடியும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கடை வீடு எங்கள் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கும்; அதை நிறுவனத்துக்கு மூன்றாண்டு வாடகை ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கிறோம். ஆதலால் கடை இடம் மாறாது. பங்கு மாற்றுப் பத்திரத்தை 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி எங்கள் நிறுவனச் செயலாளர் தயாரித்துள்ளார். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மூன்று ரிங்கிட் வீதம் முத்திரை வரி செலுத்தியபின் அது பதிவாகும்.

சட்டக் காரியங்களைவிட எங்களுக்கு அதிகக் கவலை தந்தது கைப்பக்குவம்தான். கறித்தூளுக்கு மல்லியை வறுக்கும்போது, நிறம் கருகத் தொடங்குமுன், இரு விரலால் நசுக்கினால் மொறுமொறுவென உடையும் பதத்தில் இறக்க வேண்டும்; ஒருவருடைய மிளகாயை அரைத்தபின், அடுத்தவருடைய அரிசியைப் போடுமுன் ஒரு பிடி பச்சரிசியை ஓட்டி இயந்திரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போவதில் பயனில்லை. ஆகவே ஆறு மாதம் நாங்களே ஆலையில் நின்று கற்றுக்கொடுப்பது என்றும், அதுவரை விலையில் ஒரு பகுதி வழக்கறிஞரின் கணக்கில் நிறுத்திவைக்கப்படும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். வாங்குபவர்கள் ஈப்போவில் இதே தொழிலைச் செய்யும் தமிழ்க் குடும்பத்தினர். வீட்டில் வறுத்துக் கொண்டுவரும் மிளகாய், மல்லியை அரைத்துத் தரும் சேவையை நிறுத்துவதில்லை என எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளனர். அந்தச் சேவையில் லாபம் சொற்பம் என்பதால் அதை வாய்மொழியாக விட்டுவிட எங்களுக்கு மனமில்லை.

தீபாவளி முறுக்கு மாவுக்கு முன்பணம் கட்டியவர்கள் பழைய ரசீதையே காட்டிப் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் கணக்கின் இன்றைய நிலுவையை அச்சிட்டு வாங்கிக்கொள்ள விரும்புவோர் இம்மாத இறுதிக்குள் கல்லாவில் கேட்கவும். தொகையில் ஐயம் இருந்தால், நாங்கள் கையெழுத்திடும் பொறுப்பில் இருக்கும்போதே அதைத் தீர்த்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆலை நிர்வாகத்தினர்