லாரி ஹோம்ஸ் இடைக்காலச் சாம்பியன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அலிக்கு அரைப் பக்கம், டைசனுக்குக் கால் பக்கம், சரி, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் 1978 முதல் 1985 வரை ஏழு வருடம் பட்டத்தைக் கையில் வைத்திருந்த லாரி ஹோம்ஸுக்கு ஒரே ஒரு வரி, அதிலும் ‘இடைக்காலச் சாம்பியன்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல் மனசை உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்தக் கடிதம்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். காலை ஐந்தரைக்கு ஒரு சின்ன ஹாலைத் திறந்து, வேலைக்குக் கிளம்பும் வரைக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ராயபுரத்துக்காரர். 1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அந்தக் கூட்டத்தில் அப்பாவும் ஒருவர். எம்.ஜி.ஆரையும் அலியையும் ஒரே இடத்தில் பார்த்த நாள் என்று இன்றைக்கும் சொல்லுவார். அதே வருடம் அக்டோபர் 2ஆம் தேதி லாஸ் வேகாஸில் ஹோம்ஸ் அலியைப் பத்து ரவுண்ட் அடித்துத் தீர்த்தார். பதினொன்றாவது ரவுண்டுக்கு அலியை அனுப்ப மாட்டேன் என்று அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்திவிட்டார். அலி தன் வாழ்நாளில் இப்படிப் பாதியில் நிறுத்தப்பட்டுத் தோற்றது அந்த ஒரே முறைதான். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஹோம்ஸ் என்ற பெயரை எடுத்தாலே அப்பாவுக்கு முகம் மாறிவிடும். “அலிய அடிச்சவன் பேச்சு இங்க வேணாம்டா” என்பார். எங்கள் வீடு மட்டும் என்றில்லை, உலகமே ஹோம்ஸை அப்படித்தான் நடத்தியது என்று நினைக்கிறேன்.

அந்தச் சண்டையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹோம்ஸ் யாரோ வெளி ஆள் கிடையாது. பென்சில்வேனியாவில் டீர் லேக் என்ற இடத்தில் அலி போட்டிருந்த பயிற்சி முகாமில் அவரோடு ஸ்பாரிங் (பயிற்சிக்காக மோதுவது) செய்து வளர்ந்த பையன். அன்றைக்கு அலிக்கு வயது 38, உடம்பு சரியில்லை, அதோடு தைராய்டு மாத்திரை வேறு சாப்பிட்டு ரொம்பவே தளர்ந்திருந்தார். அடிக்க அடிக்க அவர் கையைத் தூக்கவே இல்லை. ஹோம்ஸ் நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், நிறுத்துங்கள் என்பதுபோல. முடிந்த பிறகு ஜெயித்தவர்தான் அழுதார். குருவை அடித்து ஜெயித்த பாவம் என்று நாம் பேசுகிறோம். ஒப்பந்தம் போட்டு ரிங்குக்குள் ஏறிய பிறகு அந்த மனிதர் வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

சரி, அலிக்கு வயதாகிவிட்டது, அந்த வெற்றி கணக்கில் சேராது என்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆட்கள் மறுமூச்சில், 1988 ஜனவரியில் டைசன் ஹோம்ஸை நாலே ரவுண்டில் சாய்க்கவில்லையா, அப்புறம் என்ன பெரிய சாம்பியன் என்று கேட்கிறார்கள். உங்கள் கட்டுரையிலும் அந்த ஒரு வரியில் இருந்தது இதுதான். அன்றைக்கு ஹோம்ஸுக்கும் வயது 38தான் ஐயா! ஒன்றே முக்கால் வருடம் ஒரு சண்டைகூடப் போடாமல் வீட்டில் இருந்துவிட்டு வந்த மனிதர். 38 வயது அலி தோற்றால் அது கணக்கில் வராது, 38 வயது ஹோம்ஸ் தோற்றால் மட்டும் வருமா? எடைக்கல் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? மொத்தம் 75 சண்டை போட்டவரை நாக் அவுட்டில் தோற்கடித்த ஒரே ஆள் டைசன்தான் என்பதையாவது சேர்த்து எழுதியிருக்கலாம்.

அவருடைய இடது கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜாப் என்பது பார்க்க ரொம்பச் சாதாரணமான குத்து. முன்கையை நேராக நீட்டி எடுப்பதுதானே என்று பிள்ளைகள் முதல் நாள் நினைக்கிறார்கள். ஹாலில் ஒரு கயிறு கட்டி ஈரத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். குத்தினால் ‘பட்’ என்று சத்தம் வர வேண்டும், ஆனால் துண்டு ஆடி அடங்குவதற்குள் கை தாடைப் பக்கம் திரும்பி வந்திருக்க வேண்டும். போன கை போன வழியே திரும்பாமல் இடுப்புப் பக்கம் இறங்கினால், அந்த இடைவெளியில் எதிராளியின் வலது கை முகத்தில் வந்து விழும். இதைப் பழக்க எனக்கு மாதக்கணக்காகிறது. ஹோம்ஸ் இந்த ஒரு குத்தை வைத்தே எதிராளியைத் தூரத்தில் நிறுத்துவார், கண்ணை மறைப்பார், மூக்கை உடைப்பார், அப்புறம்தான் வலது கையே வெளியில் வரும். ஹெவிவெயிட்டில் இதைவிட நல்ல ஜாப் இருந்ததென்றால் எனக்குக் காட்டுங்கள். அலியுடையது வேகம், அலிக்கு முந்தைய சாம்பியன் சோனி லிஸ்டனுடையது பலம், ஹோம்ஸிடம் இரண்டும் இருந்தன.

அடுத்தது, விழுந்து எழுவது. 1979 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸின் வலது கை ஏழாவது ரவுண்டில் ஹோம்ஸை மல்லாத்தியது. ஷேவர்ஸின் குத்து எப்படிப்பட்டது என்று அவரிடம் வாங்கிய அத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள். அப்படி விழுந்தவர் எழுந்து, தள்ளாடி, அந்த ரவுண்டைக் கடந்து, பதினொன்றாவது ரவுண்டில் ஷேவர்ஸை முடித்தார். 1981இல் ரெனால்டோ ஸ்னைப்ஸிடமும் அதேபோல் விழுந்து எழுந்து ஜெயித்தார். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஈஸ்டன் ஊரில் கார் கழுவப் போன பையன் அவர். எங்கள் ஹாலுக்கு வரும் பிள்ளைகளில் நாலைந்து பேர் அதே வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள், அவர்களுக்கு நான் அலியைக் காட்டுவதற்கு முன்னால் ஹோம்ஸைக் காட்டுகிறேன்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் பட்டம் இரண்டு மூன்றாகப் பிரிந்து கிடந்தது, மற்றப் பட்டக்காரர்களோடு மோதி எல்லாவற்றையும் ஒன்றாக்க அவரால் முடியவில்லை. 1984இல் இன்னொரு பட்டக்காரரான ஜெரி கூட்ஸீயோடு பேசிவைத்த சண்டை பணம் சேராமல் நின்றுபோனது. டிம் விதர்ஸ்பூன், கார்ல் வில்லியம்ஸ் இருவரிடமும் மயிரிழையில் தப்பினார். வாயும் கொஞ்சம் கூடுதல். தோல்வியே இல்லாத 48 வெற்றிக்குப் பிறகு, தோற்காமலே ஓய்வுபெற்ற பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49ஐத் தொடுவதற்கு ஒன்றே பாக்கி இருந்தபோது, 1985 செப்டம்பர் 21இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். மார்சியானோ கடைசியாகச் சண்டை போட்டு சரியாக முப்பது வருடம் ஆன நாள் அது. தோற்ற ஆத்திரத்தில், இறந்துபோன அந்த மனிதரைப் பற்றித் தரக்குறைவாக ஒரு வார்த்தை விட்டார். அது தப்புதான், நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ஒரு வார்த்தைக்காக 20 முறை பட்டத்தைக் காத்த கணக்கை அழித்துவிட முடியுமா? அவரைவிட அதிக முறை அன்றுவரை பட்டத்தைக் காத்தவர் ஜோ லூயிஸ் ஒருவர்தான், 25 முறை.

டைசனிடம் விழுந்ததோடு அவர் கதை முடிந்ததென்று கட்டுரையைப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். 1992 பிப்ரவரியில், 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ரே மெர்சரை, அதுவரை ஒரு தோல்விகூடக் காணாத ஆளை, கயிற்றோரம் சாய்ந்தபடியே பன்னிரண்டு ரவுண்ட் பாடம் நடத்தி ஜெயித்தார். அதே வருடம் ஜூனில் அன்றைய சாம்பியன் ஹோலிஃபீல்டோடு முழுப் பன்னிரண்டு ரவுண்டும் நின்று புள்ளியில்தான் தோற்றார். இடைக்கால ஆளாக இருந்தால் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருப்பாரா?

அந்தக் கட்டுரை எழுதியவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 1978 ஜூன் 9இல் கென் நார்ட்டனோடு ஹோம்ஸ் மோதிப் பட்டம் வென்ற சண்டையின் கடைசி ரவுண்டை ஒரு முறை பாருங்கள். பதினாலு ரவுண்ட் முடிந்தபோது மூன்று நடுவர்களிடமும் ஆளுக்கு ஏழு ரவுண்ட் என்று சமமாக நின்றது. பதினைந்தாவதில் இருவரும் தடுப்பதையே மறந்துவிட்டு மூன்று நிமிடம் அடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு புள்ளியில், அதுவும் இரண்டு நடுவர் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் என்று, ஹோம்ஸ் ஜெயித்தார்.

போன தீபாவளிக்கு அந்த ரவுண்டை அப்பாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். பார்வை மங்கிவிட்டது அவருக்கு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, முதலில் வேண்டாம் என்றவர் கடைசி மணி அடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. சண்டைக்குச் சில நாள் முன்னால் ஹோம்ஸுக்கு இடது கையில் தசை கிழிந்துவிட்டது என்று சொன்னேன். “இப்ப குத்துறானே, இந்தக் கையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “இன்னொரு தடவ போடு” என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை - 17