முகாம் காக்டெய்லுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வார இறுதியில் கூடாரம் போட்டுத் தங்கச் செல்பவர்கள் அங்கேயே கலந்து குடிக்கும் காக்டெய்ல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையையும், அதன் கீழே கட்டம் போட்டுக் கொடுத்திருந்த மதிப்பெண் பட்டியலையும் படித்தேன். கலவைகளின் தேர்வில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குலுக்க வேண்டியவை எவை, கிளறினால் போதுமானவை எவை என்று பிரித்துச் சொன்னதும் பயனுள்ளதாக இருந்தது. பட்டியலைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரே குழுவினர் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் குடித்த ஆறு கலவைகளுக்கு, பத்துக்கு இவ்வளவு என்று ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டுச் சொன்ன எண்களைக் கூட்டி வகுத்து, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அச்சிட்டிருக்கிறீர்கள். கடைசியாகப் பரிமாறிய கலவையே முதலிடம் பெற்றிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஆறாவது கோப்பையில் எதை ஊற்றிக் கொடுத்திருந்தாலும் அந்த இடம் அதற்குத்தான் கிடைத்திருக்கும்.

நானும் பல ஆண்டுகளாக முகாம்களில் நண்பர்களுக்குக் கலந்து கொடுப்பவன்; மதிப்பெண் எழுதும் நோட்டு எங்களிடமும் உண்டு. ஆகவே எண் போடுவதே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முகாமில் ஒரு கலவை அமைவதும் அமையாமல் போவதும் பெரும்பாலும் அதில் சேரும் தண்ணீரைப் பொறுத்தது என்பதும், அதைக் கட்டுப்படுத்தாமல் போட்ட எண் அந்தக் கலவையைப் பற்றியது ஆகாது என்பதுமே நான் சொல்ல வந்தது.

தண்ணீர் காக்டெய்லுக்கு நேர்ந்த கலப்படம் அல்ல, அதன் பொருள்களில் ஒன்று. 1806 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்ஸன் நகரில் வெளிவந்த செய்தித்தாள் ஒன்றில், காக்டெய்ல் என்றால் என்ன என்று கேட்டு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்துக்கு ஆசிரியர் அளித்த விடை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்னும் கசப்பு மூலிகைச் சாறு. அந்த நான்கில் மூன்றை மி.லி. கணக்கில் அளக்கும் தங்கள் கட்டுரை, மூன்றாவதாகச் சொல்லப்பட்டதை ஐஸின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வடித்த டைக்கிரி என்னும் காக்டெய்லில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உருகிய தண்ணீர்தான் இருக்கும். கிளறிய பானத்தில் அதைவிடச் சற்றுக் குறைவு. இந்தப் பங்கு ஏறினால் பானம் சப்பென்று ஆகும், இறங்கினால் தொண்டையை எரிக்கும்.

வீட்டில் இது தானாகவே ஏறத்தாழ சரியாக அமைந்துவிடுகிறது. ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த ஐஸ் உலர்ந்ததாகவும் உறைநிலைக்குப் பல டிகிரி கீழேயும் இருக்கும். முகாமில், சனிக்கிழமை மாலைக்குள் ஐஸ்பெட்டியைத் திறந்து பாருங்கள்: மூலை மழுங்கிய கட்டிகள் தம் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். அவற்றை அள்ளி ஷேக்கரில் போடுபவர் ஐஸை மட்டும் போடவில்லை, கட்டிகளோடு ஒட்டிவரும் குளிர்நீரையும் சேர்த்தே போடுகிறார். பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தைப் பானத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே உருகிவிட்ட ஒரு கிராம் தண்ணீரோ ஒரு டிகிரி சூடாவதற்கு ஒரே ஒரு கலோரியைத்தான் இழுக்கும். அதாவது, அந்த ஒட்டுநீர் குளிர்விக்கும் வேலையை ஏறத்தாழ செய்யாமலே பானத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. மாலை ஆறு மணிக்குக் கலந்த முதல் பானமும் இரவு ஒன்பதுக்குக் கலந்த ஆறாவது பானமும் ஒரே ஐஸ்பெட்டியிலிருந்து வந்தவை என்றாலும், ஒரே ஐஸால் ஆனவை அல்ல.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் எளிய வழி. கிளறிக் குடிக்கும் வகைகளை வீட்டிலேயே, தண்ணீரையும் அளந்து சேர்த்து, புட்டியில் அடைத்துக் கொண்டுவந்துவிடலாம். நெக்ரோனியை எடுத்துக்கொள்வோம். ஜின், கம்பாரி என்னும் கசப்பு மது, இனிப்பு வெர்மூத் என்னும் மூலிகை ஒயின் மூன்றும் தலா 30 மி.லி.; அதற்குச் சுமார் 25 மி.லி. தண்ணீர். எட்டுப் பேருக்கு என்றால் மூன்றும் தலா 240 மி.லி., தண்ணீர் 200 மி.லி., ஆக 920 மி.லி.; ஒரு லிட்டர் புட்டியில் அடங்கிவிடும். அந்தப் புட்டியை ஐஸுக்குள் கழுத்து வரை புதைத்து வைத்தால், ஐஸ் எவ்வளவு உருகினாலும் பானத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகச் சேராது. ஐஸும் குளிர்விக்கும் வேலையை மட்டும் செய்யும். எலுமிச்சை சேரும் வகைகளில் மட்டும் சாற்றை அங்கேயே பிழிந்துகொள்ள வேண்டும். முந்தின நாள் பிழிந்த சாற்றில் புளிப்பு அப்படியே இருக்கும், மணம்தான் போய்விடும். சர்க்கரைப்பாகை எடையில் சர்க்கரை இரண்டுக்குத் தண்ணீர் ஒன்று என்று கெட்டியாகக் காய்ச்சினால், சமபங்குப் பாகைவிட அதிக நாள் கெடாமல் இருக்கும். கெட்டிப்பாகைச் சமபங்குப் பாகின் அளவிலேயே ஊற்றிவிடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

ஐஸையும் சிறு கட்டிகளாக வாங்கிப்போவதைவிட, குடிநீர்ப் புட்டிகளையே உறையவைத்துக் கொண்டுபோவது நல்லது. ஒரு கட்டியின் பக்க அளவு இரட்டிப்பானால் கொள்ளளவு எட்டு மடங்காகும், மேற்பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். வெப்பம் மேற்பரப்பின் வழியாகத்தானே உள்ளே வரும், அதனால் பெரிய கட்டி மெதுவாகவே உருகும். உருகிய பின்னும் அது குடிக்கத் தண்ணீராகும். இறைச்சி வைத்த பெட்டியின் ஐஸை அள்ளிக் கோப்பையில் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். மது எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று அவர்கள் சொல்லும் சமாதானம், தண்ணீர் சேர்த்த ஒரு காக்டெய்லின் வீரியத்துக்குப் பொருந்தாது.

இனி மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஒரு பானம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும். வீட்டில் உறையும் குளிரில் சுவைத்துச் சரிசெய்த ஒரு கலவை, முகாமில் கையில் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் திகட்டிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். விறகுப் புகை இன்னொன்று. ஜின்னின் மெல்லிய மணத்தையும் புதினாவின் மணத்தையும் புகைக்கு அருகில் உட்கார்ந்து எடைபோட முடியாது. புகைமணம் கொண்ட விஸ்கியோ டக்கீலாவின் உறவான மெஸ்காலோ அந்த இடத்தில் எப்போதும் ஒரு படி மேலே நிற்கும். தங்கள் பட்டியலில் முதல் இரண்டு இடமும் புகைமணம் உள்ள மதுவுக்கே கிடைத்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

சுவை ஆய்வைத் தொழிலாகச் செய்பவர்கள் இவற்றையெல்லாம் அறிந்துதான் முறைகளை வகுத்திருக்கிறார்கள். மாதிரிகளுக்கு ஒன்று, இரண்டு என்றோ அ, ஆ என்றோ பெயர் வைப்பதில்லை, முதலாவது உயர்ந்தது என்ற எண்ணம் வந்துவிடும் என்பதால்; ஏதோ ஒரு மூன்று இலக்க எண்ணை ஒட்டுகிறார்கள். ஒருவருக்கு முதலில் வந்த மாதிரி இன்னொருவருக்கு நடுவில் வருமாறு வரிசையை மாற்றுகிறார்கள். இடையிடையே தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். எழுதி முடிக்கும் வரை யாரும் பேசுவதில்லை. அமெரிக்க ராணுவத்தின் உணவு ஆய்வில் உருவாகி இன்று உலகெங்கும் பயன்படும் ஒன்பது புள்ளி அளவுகோலில், 'மிக மிகப் பிடித்திருக்கிறது' தொடங்கி 'கொஞ்சமும் பிடிக்கவில்லை' வரை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சொற்றொடர் உண்டு. நடுப்புள்ளி பிடித்ததும் இல்லை, பிடிக்காததும் இல்லை. பத்துக்கு ஏழு என்றால் ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்குப் போனால் போகட்டும் என்ற இரக்கம். சொற்றொடர் இருந்தால் அந்தக் குழப்பம் குறையும்.

இவ்வளவையும் ஒரு முகாமில் கடைப்பிடிக்கச் சொன்னால் யாரும் மறுமுறை என்னோடு வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் மூன்றே விதிகள்தாம் நிலைத்திருக்கின்றன. தீ மூட்டுவதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே சுவைத்துவிட வேண்டும். தீயின் ஒளியில் எல்லாப் பானமும் ஒரே நிறத்தில்தான் தெரியும். கலந்தவர் யார் என்று சொல்லாமல் ஒரே வகைக் கோப்பையில் 20 மி.லி. மட்டும் ஊற்ற வேண்டும். எண்ணோடு ஒரு குறையையும் கட்டாயம் எழுத வேண்டும்: புளிப்புத் தூக்கல், பாகு போதாது, புதினாவை நசுக்கிக் கசப்பாக்கிவிட்டீர்கள், இப்படி. எண்கள் அன்றைய வேடிக்கையோடு முடிந்துவிடும். அடுத்த முறை எலுமிச்சையை 25 மி.லி.யிலிருந்து 20 ஆகக் குறைக்க வைப்பது அந்த ஒரு வரிதான்.

சிறு அளவு என்பதைத் தனியாக வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஆறு கலவைகளிலும் தலா 60 மி.லி. மது என்று கட்டுரையே சொல்கிறது. 40 சதவீத மதுவில் 60 மி.லி. என்றால் தூய ஆல்கஹால் 24 மி.லி., எடையில் ஏறத்தாழ 19 கிராம். ஆறுக்கும் சேர்த்து 114 கிராம். உடல் ஒரு மணி நேரத்தில் அகற்றுவது பொதுவாக 7 முதல் 10 கிராம் வரைதான். எனவே நள்ளிரவில் படுத்து, காலையில் கூடாரத்தைச் சுருட்டிக் காரை எடுப்பவருடைய ரத்தத்தில் இன்னும் மது இருக்கக்கூடும். குடித்ததும் உடம்பு சூடாவது போலத் தோன்றுவதும் தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால்தான்; உள்ளே இருக்கும் வெப்பம் அந்த வழியாக வெளியேறுகிறது, குளிர்ந்த இரவில் அது ஆபத்து. ஆறையும் 20 மி.லி. அளவில் சுவைத்தால் மொத்தமே ஒரு கோப்பைக்குச் சற்று மேலே வரும், நாக்கும் ஆறாவது மாதிரி வரை வேலை செய்யும். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்ததையும் பட்டியலின் ஓரத்திலாவது குறிப்பிட்டிருக்கலாம்.

கட்டுரை தொடாத ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எலுமிச்சையைப் பகலில், வெயிலில் உட்கார்ந்து பிழியக் கூடாது. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒருவகை வேதிப்பொருள் கையில் பட்டபின் வெயில் பட்டால், ஓரிரு நாள் கழித்துத் தீப்பட்டது போலக் கொப்புளங்கள் கிளம்பும். எங்கள் குழுவில் ஒருவருக்குச் சாறு வழிந்த தடம் அப்படியே விரலிடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை கோடாக எழும்பியது. கருமை மறையப் பல வாரங்கள் ஆயின. நிழலில் பிழிந்து, உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும். கலக்குவதற்குக் கிடைத்த குச்சியை ஒடித்துக்கொள்வதும் வேண்டாம். அரளி போன்ற நச்சுச்செடிகள் அழகாகத்தான் இருக்கும். வீரியம் மிகுந்த ரம்மைத் தீயருகே புட்டியோடு சாய்த்து ஊற்றும் வித்தையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கட்டுரையின் இரண்டாவது படத்தில் ஒருவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

மது அருந்தாதவர்களை அந்தப் பட்டியல் அடியோடு மறந்துவிட்டதும் வருத்தமே. எந்த முகாமிலும் வண்டி ஓட்ட வேண்டியவர் என்று ஒருவராவது இருப்பார். அவர் கையில் வெறும் சோடாவைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பது நன்றாகவா இருக்கிறது? பழத்தையும் சர்க்கரையையும் வினிகரையும் ஊறவைத்து வடிக்கும் ஷ்ரப், குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முந்தைய காலத்திலிருந்தே இருக்கும் பானம். புளிப்பும் சர்க்கரையும் அதைக் காப்பதால் முகாமுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கெட்டியாக இறக்கி ஆறவைத்த தேநீரின் துவர்ப்பும் இஞ்சிச் சாற்றின் காரமும் சேர்ந்தால், மது கொடுக்கும் கடிப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பெயர் மறைத்துச் சுவைக்கும்போது எங்கள் குழுவில் இத்தகைய கலவை ஜின் கலவைகளை முந்தியதும் உண்டு. முந்தப்பட்ட ஜின்னைக் கலந்தவர் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எனவே, அடுத்த முறை இப்படியொரு பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்தப் பானம் எத்தனையாவதாகப் பரிமாறப்பட்டது, எத்தனை மி.லி. குடிக்கப்பட்டது, தண்ணீர் அளந்து சேர்க்கப்பட்டதா அல்லது ஐஸிலிருந்து வந்ததா என்ற மூன்று விவரங்களையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்றால் தசமப் புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களை எடுத்துவிடலாம். கடைசி இடம் பெற்ற கலவையின் அளவுகளை இம்முறை விட்டுவிட்டீர்கள். அதையும் வெளியிட்டால், அடுத்த வார இறுதியில் அதை முதலாவதாகக் கலந்து பார்க்க எண்ணியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்